வாத்தியாரிடம் கேட்ட கேள்விகள்

மறதிநோயைக் கண்டறியத் தாதியருக்குத் தரும் பயிற்சியில், கொழும்பு வெள்ளவத்தையில் வீடு தேடிப் போய்ப் பார்க்க எனக்குக் கிடைத்த முதல் நோயாளி ஓய்வுபெற்ற வாத்தியார். சீருடையோடு எதிரே நின்று, படித்தது பிசகாமல் மளமளவென்று கேட்டேன்: “பேர் என்ன? எந்த ஊர்? இப்ப எங்க நிக்கிறியள்?”

அவருடைய கைத்தடி என் நெற்றியைப் பிளந்தது. தலைமயிரைப் பிடித்து என் தலையைச் சுவரில் மோதினார்.

“கட்டிலோட கட்டி ஊசி போடுங்கோ, மிஸ்!” என்று மகன் கத்தினார்.

மகள் குறுக்கே பாய்ந்தார். “வேண்டாம்! சண்டைக் காலத்தில ஆமி செக்பொயின்ட்ல இப்பிடித்தான் கேட்டுட்டு, அப்பாவைக் கொண்டுபோய் அடிச்சவங்கள்.”

இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். “ஐயா, நீங்கள் கேளுங்கோ. நான் சொல்லுறன்.”

ஓங்கிய தடியோடு கேட்டார்: “ஐசி எங்க?”

என் அடையாள அட்டையைக் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டுத் தடியைக் கீழே வைத்தார். ஊசியை நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை.