கோகிலாவைக் கூப்பிடச் செம்மநத்தம் போனோம்

தை மாதத்து ஞாயிறு மதியம் சேலத்தில் பஸ் ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டில் இறங்கியபோது ஏரிக்கரையில் சுற்றுலாக் கூட்டம் நெரிந்தது. நான் அதற்காக வரவில்லை. இங்கே அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் என் தோழி அமுதா, ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிட்ட மாணவி கோகிலாவைத் திரும்ப அழைக்க, அவளுடைய ஊரான செம்மநத்தத்துக்குப் புறப்பட இருந்தாள். துணைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

இன்னொரு பஸ்ஸில் போய் இறங்கி, காப்பித் தோட்டத்துக்குள் ஒற்றையடிப் பாதையில் இரண்டு கிலோமீட்டர் நடந்தோம்.

"சத்தமாப் பேசிக்கிட்டே வா. காட்டெருமை இருந்தா ஒதுங்கிரும்," என்றாள் அமுதா. நான் அவள் முதுகை ஒட்டியே நடந்தேன்.

கோகிலாவின் அப்பா வெள்ளையன் கட்டிலில் கிடந்தார். மழைக்காலத்தில் ஒருநாள் காலை, மகளைப் பஸ் ஏற்றப் போனவரை இதே பாதையில் காட்டெருமை முட்டித் தூக்கியிருக்கிறது. மகளைப் புதருக்குள் தள்ளிவிட்டதால் அவள் தப்பினாள். அவருக்கு இடுப்பு முறிந்தது. அன்று முதல் கோகிலாவும் பக்கத்து வீடுகளின் மூன்று சின்னப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகவில்லை.

"படிப்பு வேணாம்னு சொல்லலீங்க டீச்சர்," என்றாள் அம்மா சின்னப்பொண்ணு. எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிப்பவள். "இவரைத் தூக்கிட்டு வந்ததே நானுங்க. புள்ளையையும் அப்படித் தூக்க எனக்குத் தெம்பில்லீங்க."

"ஹாஸ்டல்ல இடம் கேட்டிருக்கேன். ஆனா ஜூன்லதான் கிடைக்கும்," என்றாள் அமுதா மெல்ல.

கட்டிலில் இருந்து வெள்ளையன் பேசினார். "அதுக்குள்ள படிச்சதெல்லாம் மறந்துருமுங்க. புள்ள படிக்கோணும்னுதான் அந்தத் தடத்துல போனேன். ஊட்டுல உக்கார வெக்கவா முட்டு வாங்குனேன்?"

சின்னப்பொண்ணு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். கடைசி பஸ்ஸும் போய்விட்டதால் அங்கேயே தங்கினோம். களியும் கீரையும் போட்டாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

திங்கள் காலை ஏழு மணி. வாசலில் பனி மூடியிருந்தது. கோகிலா சீருடையில் நின்றாள். அவளோடு அந்த மூன்று பிள்ளைகளும். சின்னப்பொண்ணு விடியற்காலையில் வீடு வீடாகப் போய்க் கேட்டுக் கூட்டி வந்திருக்கிறாள்.

"நானே கூட்டிட்டுப் போறேனுங்க டீச்சர். வேலைக்கு லேட்டாப் போனா எஸ்டேட்ல கணக்கெழுதுற ரைட்டர் திட்டுவாரு. திட்டிட்டுப் போகட்டும்."

தகரத் தட்டைக் கரண்டியால் தட்டியபடி அவள் முன்னால் நடந்தாள். ஒரு திருப்பத்தில் கோகிலாவின் கால்கள் நின்றன. அப்பா விழுந்த இடம். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

"நிக்காத கண்ணு. வாய்ப்பாடு சொல்லு, சத்தமாச் சொல்லு."

கோகிலா இரண்டாம் வாய்ப்பாட்டைத் தொடங்கினாள். சின்னப் பிள்ளைகள் கூடச் சேர்ந்து கத்தினார்கள். நானும் கத்தினேன்.

பஸ் வந்தது. எல்லோரும் ஏறினோம். ஜன்னல் வழியே பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது: சின்னப்பொண்ணு ஏறவில்லை. அவள் திரும்பிப் போக வேண்டும், தனியாக. அமுதாவின் கையைப் பிடித்தேன். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேலத்தில் என் மகளுக்கு வாசலிலேயே பள்ளி வேன் வந்து ஹாரன் அடிக்கும். அவளை அனுப்பிவிட்டு நான் காப்பி குடிப்பேன்.

சாயங்காலம் பிள்ளைகளை அழைக்கச் சின்னப்பொண்ணு மறுபடி வர வேண்டும். நாளைக்கும் வர வேண்டும். ஜூன் வரைக்கும்.