இருநூற்று எண்பது சுற்று

சின்னவளுக்குப் பதினாறு வயதானபோது வீட்டு வாசலில் தலை குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது. அவ்வளவு உயரம். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு தடவை தோற்றுப்போனதால், தன் தோளுக்கும் எட்டாத பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கணக்கு வாத்தியார் அவளை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்பார். அவள் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையில் யாராவது ஒருவன், "சார், அவ்வளவு மேல கேட்டிருக்காது" என்பான். வகுப்பே சிரிக்கும். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவாள். முதலில் கணக்குப் பாடத்தின்போது மட்டும் வெளியே போனாள். பிறகு மத்தியானம் முழுக்க. பிறகு பள்ளிக்கூடம் போவதையே நிறுத்திவிட்டாள்.

வீட்டில் இது யாருக்கும் தெரியாது. காலையில் பையோடு கிளம்புவாள், சாயங்காலம் பையோடு வருவாள். பதினேழு நாள் வரவில்லை, முப்பது நாள் ஆனால் பெயரை நீக்கிவிடுவோம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்த அன்றுதான் அவளுடைய அக்கா விழித்துக்கொண்டாள்.

பெரியவள் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் செக்கர். அப்பா இறந்த வருஷம் எட்டாம் வகுப்போடு நின்று வேலைக்குப் போனவள். ஒரு சட்டையைக் கையில் எடுத்தால், விட்டுப்போன ஒரே ஒரு தையலைக்கூடக் கண்டுபிடித்துவிடுவாள். அப்படிப்பட்ட கண்ணுக்குத் தன் வீட்டுக்குள்ளேயே பதினேழு நாள் தப்பிவிட்டதே என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை.

"எங்கடி போன இத்தனை நாளும்?"

"பார்க்ல உக்காந்திருந்தேன்."

"பதினேழு நாளுமா?"

"மழை பெஞ்ச அன்னைக்கு லைப்ரரி."

"ஓகோ. அங்க போயாவது ஏதாச்சும் படிச்சியா?"

"இல்லக்கா. அங்க ஒரு ஃபேன் தட்டித் தட்டி ஓடுது. ஏன்னு பாத்துட்டிருந்தேன்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். மருத்துவமனையில் துணி துவைக்கும் பிரிவில் வேலை பார்த்து, சோப்பு நீரில் ஊறி ஊறி வெளுத்துப்போன கை. "படிப்பு ஏறாதவள இழுத்துப் பிடிச்சு என்னம்மா பண்றது? உன்கூடவே கூட்டிட்டுப் போயிடு" என்றாள்.

பெரியவளும் அதைத்தான் நினைத்தாள். மறுநாளே சூப்பர்வைசரிடம் பேசினாள். நூல் வெட்டுகிற பிரிவில் ஓர் இடம் இருந்தது. வயதைக் காட்டப் பள்ளிக்கூடத்து விலகல் சான்றிதழ் கேட்டார். அதற்கான விண்ணப்பத்தை அவள் மூன்று முறை அடித்துத் திருத்தி, நான்காவது தாளில் கோடு போட்டு எழுதினாள்.

ஆனால் பள்ளிக்கூடத்துக் கடிதத்தோடு இன்னொரு தாளும் வந்திருந்தது. வகுப்பில் நிற்க முடியாமல் போகிற பிள்ளைகளுக்காகப் புதிதாகத் தொழிற்பிரிவு தொடங்கியிருக்கிறார்கள். காலையில் பாடம், மத்தியானம் பட்டறை. முதல் ஆறு வாரம் பரீட்சார்த்தம். கடைசியில் ஒரு வேலையைத் தனியாகச் செய்து காட்டினால், வீட்டிலிருந்து ஒருவர் கையெழுத்துப் போட்டதும் பத்தாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். வேலை சரியில்லையென்றால் கதை முடிந்தது.

"ஆறு வாரம்தானே, போயிட்டு வாயேன்" என்றாள் பெரியவள், பெரிய நம்பிக்கை இல்லாமல். சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்தார். "ஆறு வாரம் வரைக்கும் இடத்தப் பிடிச்சு வைக்கிறேன். அதுக்கு மேல ஒரு நாள்கூடத் தாங்காது." விண்ணப்பம் மடித்தபடி அவள் கைப்பையிலேயே இருந்தது.

சின்னவள் மின்மோட்டார்ப் பட்டறையில் சேர்ந்தாள். கருகிப்போன மின்விசிறியைப் பிரித்து, பழைய கம்பியை அறுத்து எடுத்துவிட்டு, புதிதாகச் சுற்ற வேண்டும். நடுவில் இருக்கும் இரும்புச் சக்கரத்தின் பள்ளங்களில் தலைமுடி போன்ற செம்புக் கம்பியைச் சுற்றுவது. ஒரு காயிலுக்கு, அதாவது ஒரு கம்பிச் சுருளுக்கு, இருநூற்று எண்பது சுற்று. அப்படிப் பல காயில்கள். நான்காம் வாரம் ஒரு பழைய சக்கரத்தை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். சாப்பாட்டு மேசையில் பாதி இடம் அதற்குப் போனது.

"சோறு எங்க வைக்கிறது?" என்றாள் அம்மா.

"மடியில வச்சுக்கம்மா. தொண்ணூத்தி மூணு, தொண்ணூத்தி நாலு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெரியவள் எதிரில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். சின்னவள் இருநூற்றைத் தாண்டியிருப்பாள். அப்போது பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டி, தண்ணீர் வருகிறதா என்று கேட்டுவிட்டுப் போனாள். சின்னவளின் கை நின்றது.

"இருநூத்திப் பத்தா, இருபதாக்கா?"

"எனக்கென்ன தெரியும்? நான் எண்ணலையே."

"உதடு அசையறதப் பாத்திருப்பன்னு நெனச்சேன்."

"பத்து சுத்து கம்மியானா என்ன, ஓடாதா?"

"ஓடும். நல்லாவே ஓடும். பட்டறை மிஸ் சுவிட்சப் போட்டுப் பாத்தாக்கூடத் தெரியாது."

"அப்புறம் என்ன?"

"சூடாகும்க்கா. ரெண்டு வெயில் காலம் தாங்கலாம். அப்புறம் யாரு வீட்டுலயோ கருகும்."

சொல்லிக்கொண்டே கம்பியின் முனையைப் பிடித்து அவிழ்க்கத் தொடங்கினாள். இருநூறு சுற்றையும். முணுமுணுப்பு இல்லை. வீட்டுப்பாடத்தைப் பேருந்தில் பார்த்து எழுதுகிறவள், தேர்வுத்தாளில் பாதியை வெறுமையாக விட்டுவிட்டு வருகிறவள், அவிழ்த்த கம்பியை நெளியாமல் திரும்ப உருளையில் ஏற்றிவிட்டு, ஒன்று என்று ஆரம்பித்தாள்.

பெரியவளின் ஊசி அந்தரத்தில் நின்றது. தொழிற்சாலையில் பத்து வருஷமாக, சந்தேகமான சட்டையை ஒதுக்கி வைத்ததற்காகவே அவள் திட்டு வாங்கியிருக்கிறாள். எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டாள். திரும்பி வந்து, ஒரு தாளில் பத்துக்கு ஒரு கோடு வீதம் போட ஆரம்பித்தாள்.

ஆறாம் வாரம் வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். கைப்பையில் விண்ணப்பம் அப்படியே இருந்தது. வேலை சரியில்லையென்றால் அங்கேயே கொடுத்துவிட்டு வருவது என்பது முடிவு. திங்கட்கிழமை நூல் வெட்டும் மேசைக்கு ஆள் போயாக வேண்டும்.

பட்டறையில் எட்டுப் பிள்ளைகள் நின்றார்கள். சின்னவள் வீட்டு மேசையில் சுற்றிய சக்கரத்தைப் பொருத்திய மின்விசிறியைக் கொக்கியில் மாட்டினார்கள். பட்டறை மிஸ் சுவிட்சைப் போட்டார். விசிறி முனகியது, அசைந்தது, வேகம் பிடித்தது. பெரியவள் மூச்சை விட்டாள். ஆனால் கீழே காற்றே வரவில்லை. மேசைமேல் கிடந்த தாள்கள் ஆடாமல் அசையாமல் கிடந்தன.

"மிஸ், நம்ம நெட்டை, கூரைக்குக் காத்து வீசுறா" என்றான் ஒருவன்.

"பல்லிக்கு வேர்க்குதாம்டா" என்றான் இன்னொருவன்.

விசிறி தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எட்டுப் பேரும் சிரித்தார்கள். சின்னவளின் முகம் சிவந்தது. அவளுடைய பை சுவரோரம், எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தது. பெரியவள் விசிறியைப் பார்க்கவில்லை. தங்கையின் கையைத்தான் பார்த்தாள். அந்தக் கை பைக்குப் போனால் எல்லாம் முடிந்துவிடும்.

கை மேலே போனது. சுவிட்சை அணைத்தது.

"மிஸ், காயில்ல தப்பில்ல. முனைய மாத்திச் சேத்துட்டேன். அஞ்சு நிமிஷம் குடுங்க."

"எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்ற?"

"எண்ணித்தான் சுத்தினேன் மிஸ். எங்கக்கா கோடு போட்டிருக்கா, வேணும்னா கேளுங்க."

மிஸ் பெரியவளைப் பார்த்தார். அங்கே சரிபார்க்கும் அதிகாரம் பெரியவளுக்கு இல்லை. இருந்தாலும், "ஒண்ணுகூடக் குறையல" என்றாள்.

மிஸ் ஃபியூஸைப் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார். மற்ற பிள்ளைகளுக்கு ஏணி வேண்டும். சின்னவளுக்கு ஒரு முக்காலி போதுமாக இருந்தது. ஏறி நின்று இரண்டு முனைகளைப் பிரித்தாள், இடம் மாற்றி முறுக்கினாள், டேப் சுற்றினாள். அவசரப்படவில்லை. இறங்கி வந்து, ஃபியூஸ் திரும்பி ஏறியபின், சுவிட்சைத் தானே போட்டாள்.

காற்று வந்தது. வருகைப் பதிவேட்டின் பக்கங்கள் படபடவென்று புரண்டன. பல்லியைப் பற்றிப் பேசியவன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு காற்று வாங்கினான்.

பத்தாம் வகுப்புத் தொழிற்பிரிவுக்கான படிவம் மேசையில் நிற்காமல் பறந்தது. பெரியவள் இடது கையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கோட்டுக்கு நேராகக் கையெழுத்துப் போட்டாள். போட்டபின் பேனாவை மூடாமல் எல்லாக் கட்டத்தையும் இன்னொரு தரம் சரிபார்த்தாள்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"எங்கம்மா உன் தங்கச்சி? இடத்தப் பிடிச்சு வச்சிருக்கேன்."

"அவ வரல சார்."

"வேற எங்கயாச்சும் சேத்துட்டியா?"

"ஆமா சார்" என்றாள் பெரியவள், அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே. "பத்தாம் கிளாஸ்ல."