இரண்டு வீட்டுக்கு ஒரு ஓவு

ஞானம் கல்பாத்தியில் ஒரு பெரிய குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். அந்த வீட்டு அடுக்களையில் அவள் சமைத்ததைவிட, மாமியார் சொன்னதை எடுத்துக் கொடுத்ததுதான் அதிகம். பாத்திரம் தேய்க்கவும் முற்றம் கழுவவும் ஆள் உண்டு. எச்சில் தண்ணீர் எங்கே போகிறது என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை.

கணவர் சுந்தரேசனுக்கு ஒலவக்கோட்டு ரயில் நிலையத்தில் குமாஸ்தா வேலை. நேரம் மாறி மாறி வந்ததால், 1954-ல் ஸ்டேஷனுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டியிருந்த ஓட்டு வீடுகளில் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். முப்பது வயதில் முதல்முறையாக ஞானத்துக்குத் தனி அடுக்களை கிடைத்தது. பித்தளைப் பாத்திரங்களைத் தன் இஷ்டப்படி அடுக்கி, தள்ளி நின்று பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பாக வந்தது.

அடுக்களை மூலையில் பாத்திரம் கழுவும் அங்கணம். அதிலிருந்து தண்ணீர் வெளியேறும் துவாரத்தைப் பாலக்காட்டுக்காரர்கள் ஓவு என்பார்கள். வெளியே அது ஒரு கல்வாய்க்காலில் சேர்ந்து, வாழைத்தோட்டத்துக்குப் போகும். மேட்டிலிருந்த பக்கத்து வீட்டுத் தண்ணீரும் அதே வாய்க்காலில்தான் வந்தது. ஞானத்தின் அடுக்களைச் சுவரை ஒட்டி வாய்க்காலைக் கற்பலகை போட்டு மூடியிருந்தார்கள்.

பக்கத்து வீட்டில் ரயில் எஞ்சினுக்குக் கரி போடும் ஃபயர்மேன் வேதமுத்துவும் அவர் மனைவி புஷ்பமேரியும் இருந்தார்கள். புஷ்பமேரி இடுக்கி மலையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். மீன் பொரிக்கும் வாசனை வந்தால் ஞானம் ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். கிணற்றடியில் பார்த்தால் இருவரும் தலையசைத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

ஆடி மாதத்தில், கர்க்கடக மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அங்கணத்துத் தண்ணீர் இறங்கவில்லை. மத்தியானத்துக்குள் ஓவிலிருந்து கறுத்த தண்ணீர் மேலே பொங்கி, அடுப்படி வரை வந்துவிட்டது. ஞானம் துணியை மூக்கில் வைத்துக்கொண்டு வாளியால் மொண்டு கொட்டினாள். மொள்ள மொள்ள வந்தது.

சுந்தரேசன் வந்து பார்த்துவிட்டு, "மீன் கழுவற ஜலமாக்கும். செதிலெல்லாம் வந்து அடைச்சிருக்கும். நான் அப்பவே நெனைச்சேன்" என்றார்.

ஞானமும் அப்படித்தான் நினைத்தாள். அவர் சட்டையைக்கூட மாற்றாமல் வீட்டுக்காரரைத் தேடிப் போனார். வீட்டுக்காரர் கந்தப்பன் சித்தூர்ப் பக்கத்து விவசாயி, வாரத்தில் ஒரு ராத்திரி ஒலவக்கோட்டுக்கு வந்து தங்குபவர்; அன்று அங்கேதான் இருந்தார். மறுநாளே வேதமுத்துவை அழைத்து, மாதம் முடிவதற்குள் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

அன்று பகல் மழை சற்று விட்டிருந்தது. பின்பக்கம் இரும்பு உரசும் சத்தம் கேட்டு ஞானம் கதவைத் திறந்தாள். புஷ்பமேரி சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, கடப்பாரையால் கற்பலகையை நெம்பிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்ன பண்றேள்?" என்றாள் ஞானம்.

"போறதுதான் போறோம். அடைச்சது என்னன்னு பாத்துட்டுப் போறேன், அக்கா."

பலகை புரண்டது. புஷ்பமேரி குனிந்து, தோள் வரை கையை விட்டு ஒரு பிடி அள்ளிக் கரையில் போட்டாள். பிறகு இன்னொரு பிடி. கறுப்புக் களி மாதிரி கட்டி கட்டியாக வந்தது. அதை அவள் ஒரு குச்சியால் பிரித்தாள். காப்பி மண்டி. அதில் ஒட்டிப் பிசினாகிப்போன சோற்றுப் பருக்கைகள். வாழைப்பூ நரம்பு கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு, துருவிய தேங்காய்ப் பிசிறு, உறைந்த எண்ணெய். ஒரு செதில் இல்லை. ஒரு முள் இல்லை.

ஞானம் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த வாழைப்பூவை ஆய்ந்தது அவள். காலையும் மாலையும் காப்பி மண்டியை அங்கணத்தில் கொட்டி ஒரு சொம்பு ஜலம் விட்டதும் அவள்தான். காது மடல் சுட்டது.

"நீங்க மீன் செதிலை..." என்று தொடங்கி நிறுத்தினாள்.

"முருங்கை மூட்டுல குழி தோண்டிப் புதைச்சிருவேன். லயத்துல எல்லா வீட்டுக்கும் ஒரே காவாய்தாங்க்கா. ஒரு மழைக்கு அது அடைச்சி, வீட்டுக்குள்ள தண்ணி ஏறி, என் தங்கச்சி காய்ச்சல்ல போயிட்டா. அதுக்கப்புறம் எங்கம்மா ஒரு பருக்கையைக்கூட காவாய்ல விட மாட்டாவ."

அவள் குத்திக் காட்டவில்லை. மறுபடியும் குனிந்து அள்ளத் தொடங்கினாள். ஞானம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எதிர்ப்பக்கம் மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டாள். முதல் பிடியில் வாந்தி வந்தது. எடுத்துவிட்டு மறுபடி விட்டாள். இரண்டு பேருமாக மூங்கில் பிளாச்சால் குத்திக் கிளறி, வெந்நீர் ஊற்ற ஊற்ற, ஒரு பெரிய ஏப்பம் போலச் சத்தம் எழுந்து தண்ணீர் மொத்தமாக இறங்கியது. புஷ்பமேரி சிரித்துவிட்டாள். ஞானத்துக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் சுந்தரேசனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "ஏன்னா, கந்தப்பன் கிட்டே போய்ச் சொல்லுங்கோ, தப்பு நம்மாத்துலேன்னு."

"சொல்லியாச்சு, முடிஞ்சாச்சு. இனிமே போய் அசடு வழியணுமா? அவா போனா மீன் நாத்தமாவது இருக்காது."

அடுத்த வாரம் கந்தப்பன் வந்திருப்பதாகத் தெரிந்ததும், குடையை எடுத்துக்கொண்டு ஞானமே போனாள். அந்நிய ஆண் ஒருவரிடம் அவள் தனியாகப் பேசியது அதுவே முதல் தடவை.

"ஓவை அடைச்சது நானாக்கும். அவா மேலே ஒரு குத்தமும் இல்லை" என்றாள்.

கந்தப்பன் தலையைச் சொறிந்தார். "ஏனுங்கம்மா, உங்க ஊட்டுக்காரரு சொன்னதாலதானுங்க நான் சொன்னேன். இப்ப வேற ஆளுக்கு வாக்குக் குடுத்துப்போட்டனே."

"அப்போ எங்காத்தைக் குடுங்கோ. அடைச்சவாதானே போகணும்?"

அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. கந்தப்பன் சிரித்தார். "நல்லா வந்துச்சுங்க பஞ்சாயத்து! செரி, யாரும் போவ வேண்டாமுங்க. வாக்குக் குடுத்த ஆளுக்கு நான் சமாதானஞ் சொல்லிக்கறேன்" என்றார்.

சுந்தரேசன் அந்த வாரம் முழுவதும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. காப்பி வேண்டுமென்றாலும் சுவரைப் பார்த்துத்தான் கேட்டார். அது ஞானத்துக்கு வலித்தது. ஆனால் போய்ச் சொன்னதற்காக அவள் வருந்தவில்லை.

அதற்குப் பிறகு காப்பி மண்டி மல்லிகைச் செடிக்குப் போயிற்று. காய்த்தோலும் கஞ்சியும் பால்காரர் வீட்டு மாட்டுக்கு. புஷ்பமேரி ஒரு தேங்காய்ச் சிரட்டையில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளைகள் போட்டுக் கொடுத்தாள். அதை ஓவின் வாயில் கவிழ்த்து வைத்தால் பருக்கை உள்ளே போகாது. சனிக்கிழமைதோறும் இருவரும் பலகையைத் தூக்கி வாய்க்காலைக் கிளறி, வெந்நீர் விட்டார்கள். பிழிந்த எலுமிச்சை மூடியில் கல்லுப்பைத் தொட்டு அங்கணத்தைத் தேய்த்தால் வாடை போகும் என்பது ஞானம் தானே கண்டுபிடித்தது.

ஒரு சனிக்கிழமை மாமியார் அபயாம்பாள் கல்பாத்தியிலிருந்து வந்துவிட்டார். மருமகள் வாய்க்காலுக்குள் கையை விட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றார்.

"என்னடி இது கோலம்? ஆள் கிடைக்கலையா?"

"நான் சேத்த அழுக்கை நான் எடுக்கறேன், அம்மா. இதோ குளிச்சுட்டு வந்து காப்பி போடறேன்."

அபயாம்பாள் அந்தக் காப்பியைக் குடிக்கவில்லை. சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டார்.

ஞானமும் புஷ்பமேரியும் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டதில்லை. அந்த அளவுக்கு ஞானத்தால் போக முடியவில்லை, புஷ்பமேரியும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஞானத்துக்கு விஷக்காய்ச்சல் கண்ட மாதம், அவள் வீட்டு ஓவைத் தினமும் சுத்தம் செய்தது புஷ்பமேரிதான். படுக்கையிலிருந்தே அந்தச் சத்தத்தை ஞானம் கேட்டுக்கொண்டிருப்பாள்.

இரண்டு வருஷம் கழித்து வேதமுத்துவுக்கு ஈரோட்டுக்கு மாற்றலாயிற்று. சாமான் வண்டி புறப்பட்ட பிறகு ஞானம் காலி வீட்டுக்குள் முதல்முறையாக நுழைந்தாள். அங்கணம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. இருந்தாலும், புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு குடம் வெந்நீரைக் கொண்டுவந்து ஓவில் மெதுவாக ஊற்றினாள்.