சவுரியம்மாள் குடித்த முதல் வாய்

சவுரியம்மாளுக்குக் கிளியனூர்தான் சொந்த ஊர். இருபத்திரண்டு வயதில் தாலியறுத்துவிட்டு, 1931-இல் திண்டிவனத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். பன்னிரண்டு வருஷம் பீ மூத்திரம் அள்ளினாள், சீழ் துடைத்தாள், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். லேடி டாக்டரையே எதிர்த்துப் பேசுவாள். அந்த டாக்டருக்கோ அவளை விட்டால் ஆள் கிடையாது.

1943-இல், ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் தொடங்கிய வாரம், டாக்டர் அவளை விழுப்புரத்துக்கு அனுப்பினார். ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் தேவசகாயத்தின் ஒரே மகள் இருதயமேரி, பதினெட்டு வயசு, புத்தி பேதலித்துக் கிடந்தாள். சுவர் தன்னோடு பேசுகிறது என்றாள். சாப்பாட்டில் விஷம் இருக்கிறது என்று சுவர் சொன்னதாம். நாலு நாளாய்த் தன் கையால் மொண்ட பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் பல்லில் படவில்லை. அடிக்காதே, கட்டாதே, தின்ன வை, தூங்க வை என்று சொல்லி டாக்டர் ஒரு பாட்டில் தூக்க மிக்சர் கொடுத்தார். சொல்வதற்கென்ன, யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம்!

வீட்டுக்குள் நுழைந்ததும் சங்கிலிதான் கண்ணில் பட்டது. புதுச் சங்கிலி, பூட்டோடு சேர்த்து வாங்கி வைத்திருந்தார் தேவசகாயம். பாஸ்குவுக்குள், அதாவது ஈஸ்டருக்குள், மகள் தேறாவிட்டால் தெற்கே ஒரு கோவிலில் கொண்டுபோய்க் கட்டிவிடுவதாக நேர்த்திக்கடன். அப்படிக் கட்டிப்போட்ட ஒரு பெண்ணை சவுரியம்மாள் ஆஸ்பத்திரியில் கழுவியிருக்கிறாள். கணுக்காலில் எலும்பு தெரிந்தது. அவள் பிழைக்கவில்லை.

முதல் நாள் கூழ்ச் சொம்பு பறந்து வந்து சவுரியம்மாள் நெற்றியைப் பிளந்தது. மறுநாளும் அதே கதைதான். மூன்றாம் நாள் அவள் பெண்ணுக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். சொம்பில் வாய் வைத்து ஒரு வாய் குடித்தாள், விழுங்கினாள், வாயைத் திறந்து காட்டினாள்.

"இருக்குதா ஆயா?" என்றாள் இருதயமேரி.

"இல்ல கண்ணு."

பெண் சொம்பைப் பிடுங்கி மடமடவென்று குடித்தாள். வாசலில் நின்ற தாய் லூர்துமேரி உள்ளே ஓடி வந்தாள்.

"ஐயே! எச்சிக் கூழையா எம்பொண்ணுக்குக் குடுக்கற?"

"எச்சிலு கழுவுனா போயிடும்மா. பட்டினி கெடந்தா உசுரு போயிடும், பரவால்லியா?"

அன்றிலிருந்து வேளாவேளைக்கு இதே சடங்கு. இருக்குதா? இல்ல. பெண்ணின் கன்னத்தில் சதை வைத்தது. தலை சீவ விட்டாள். ஆனால் சுவரோடு பேசுவது நிற்கவில்லை, தாய் நீட்டியதைத் தொடவும் இல்லை. பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? அடுப்படியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு அழுவாள். பாஸ்கு வேறு நெருங்கிக்கொண்டே வந்தது.

பாஸ்குவுக்கு முந்தின பெரிய வாரத்துத் திங்கட்கிழமை லூர்துமேரி வானூர்ப் பக்கம் போய் வந்தாள். எதற்கென்று சொல்லவில்லை. திரும்பி வந்தவள் அழவே இல்லை. சவுரியம்மாளைக் கூப்பிட்டு மல்லாட்டைக் கடலை உருண்டை கொடுத்தாள், சிரித்துப் பேசினாள். நோயாளி வீட்டில் அழுதுகொண்டிருந்தவள் திடீரென்று சிரித்தால் சவுரியம்மாளுக்கு எப்போதுமே பயம். தேவசகாயத்திடம் சொல்லிப் பார்த்தாள்.

"அவளே இப்பத்தான் மனசு தேறிக்கினு வர்றா. நீ ஏன் ஆயா பேஜாரு பண்ற?" என்று அவர் டியூட்டிக்குக் கிளம்பிவிட்டார்.

வியாழக்கிழமை காலையிலிருந்தே இருதயமேரி மூலையை விட்டு நகரவில்லை.

"ஆயா, இன்னிக்கு வருதாம். சொவரு சொல்லுது."

"சொவரு எங்கனா பேசுமா கண்ணு? கம்னு இரு."

உச்சிப் பொழுதில் லூர்துமேரி தன் கையாலேயே கேப்பைக் கூழ் கொண்டு வந்தாள். வைத்துவிட்டுப் போகாமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"ஜல்தியா குடுத்துடு ஆயா."

கல்லுப்பு கரையாமல் மேலே தெரிந்தது. சவுரியம்மாள் சொம்பில் கைவிட்டு அடிவரைக்கும் கலக்கினாள்.

"கலக்காத!" என்று லூர்துமேரி அலறினாள்.

அதற்குள் பழக்கதோஷத்தில் ஒரு வாய் உள்ளே போய்விட்டது. கசப்பு! நாக்கு நுனி மரத்தது. சவுரியம்மாளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆயா மேலாகத்தான் ஒரு வாய் குடிப்பாள், அவளுக்கு ஒன்றும் ஆகாது, அடியில் கிடப்பது மகளுக்கு மட்டும் போகும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள் பாவி.

"இருக்குதா ஆயா?"

பெண் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொன்னால், இந்தச் சொம்பை எப்படித் திருப்பி எடுப்பது? இருக்கிறது என்று சொன்னால், இனி யார் கையில் தின்பாள்? பாஸ்குவுக்கு மூன்றே நாள், அப்புறம் சங்கிலி. சவுரியம்மாள் வாயில் மிச்சமிருந்ததைத் தரையில் துப்பினாள்.

"இருக்குது கண்ணு."

லூர்துமேரி மாரில் அடித்துக்கொண்டு விழுந்தாள். "வெசம் இல்லடீ! பேயி போற மருந்து! வானூரு பச்சைமுத்து பூசாரி சத்தியம் பண்ணிக் குடுத்தான்டீ! உன்னச் சங்கிலில கட்டப்போறாங்களேன்னுதாண்டீ!"

சொம்பின் அடியில் அரைபட்ட ஊமத்தை விதை கிடந்தது. சவுரியம்மாள் அதைக் கொல்லையில் கொட்டி மண்ணைத் தள்ளினாள். அந்தி சாய்வதற்குள் அவளுக்குத் தொண்டை வறண்டது, கண் மங்கியது. டியூட்டி முடிந்து வந்த தேவசகாயம் நடந்ததைக் கேட்டார். சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார், வெறுங்கையோடு திரும்பினார்.

மங்கிய கண்ணோடு, தடவித் தடவி சவுரியம்மாள் தானே கூழ் காய்ச்சினாள். வாங்குவாளோ மாட்டாளோ என்று யோசித்துக்கொண்டே சொம்பை நீட்டினாள். இருதயமேரி எதுவும் கேட்காமல் வாங்கிக் குடித்தாள். அப்பாடா என்று சவுரியம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அதைப் பார்த்த லூர்துமேரி ஆசையோடு ஓர் அடி உள்ளே வைத்தாள். பெண் சட்டென்று ஆயாவின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள்.

"யாரு ஆயா அந்தப் பொம்பள? ஊட்டுக்குள்ள உடாத."

லூர்துமேரி அதற்குப் பிறகு ஐந்து வருஷம் உயிரோடு இருந்தாள். மகள் அவளை ஒரு தடவைகூட அம்மா என்று கூப்பிடவில்லை.