பன்றிக்கு மட்டும்தான் வரும்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு மரியாதைக் குறைவு. கனடாவில், வைரஸைச் சுத்திகரிக்கும் ஆய்வுகூடத்தில் போட்டு நடந்த அதே சப்பாத்தோடு விமானம் ஏறி, இலங்கை மலையகத்து லிந்துலையில், தேயிலைத் தோட்டத்தில் அக்கா குடியிருக்கும் லய வீட்டு வரிசைக்குப் பின்னால் இருக்கும் பன்றிப் பட்டிக்குள் போய் நின்றவன் நான். நல்ல சப்பாத்து. ஈரம் ஏறாது, அட்டையும் ஏறாது என்று பெருமை வேறு.

என் வேலை இதுதான். ஒரு குழாயில் இரண்டு கரைசல்கள். இரண்டுமே பெரும்பாலும் தண்ணீர்தான். ஒன்றில் உப்பு, மற்றதில் பசை போன்ற ஒரு பொலிமர். குலுக்கினால் ஒன்றாகத் தெரியும். சற்று விட்டுவைத்தால் மேலும் கீழுமாகப் பிரிந்துவிடும். உள்ளே விட்ட வைரஸ், தன் மேற்பரப்புக்குத் தண்ணீர் எவ்வளவு பிடிக்காதோ அதைப் பொறுத்து ஓர் அடுக்கில் போய்ச் சேரும். அழுக்குப் புரதமெல்லாம் மற்றதில் தங்கிவிடும். தடுப்பூசிக்கு வேண்டிய வைரஸைச் சுத்தமாக எடுக்க இது நல்ல வழி. சேராத இரண்டு தண்ணீரில் புலம்பெயர்ந்தவனின் தத்துவம் எதையும் தேட வேண்டாம். பனிக்காலம் முழுக்க நானே தேடிப் பார்த்துவிட்டேன், சளிதான் பிடித்தது.

நாங்கள் இதைப் பழகுவது பன்றிகளுக்கு வரும் ஒரு வைரஸில். மனிதரை ஒன்றும் செய்யாது. சினைப் பன்றிக்குக்கூடக் காய்ச்சல் தெரியாது. வயிற்றில் இருக்கும் குட்டிகள் மட்டும் ஒவ்வொன்றாகச் செத்து, உள்ளேயே காய்ந்துபோகும். வேலையில் சேர்ந்தபோது பாதுகாப்பு அதிகாரி அம்மணி கேட்டார், "நீங்கள் இருக்கிற இடத்தில் பன்றி ஏதும் உண்டா?" அடுக்குமாடியில் குடியிருப்பவன் நான். "வீட்டுக்காரன் பூனைக்கே இடம் தர மாட்டான்" என்றேன். அவர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்ததில், சொந்த ஊரில் உண்டா என்ற அடுத்த கேள்வி வரவில்லை. பயப்பட வேண்டுமா என்று நான் கேட்டதற்கு, "பன்றிக்கு மட்டும்தான் வரும்" என்று பக்கத்து மேசைக்காரர் முதுகில் தட்டினார். அந்த ஊரில் பன்றி என்பது கடையில் பிளாஸ்டிக் சுற்றிக் குளிரில் கிடக்கும் ஒரு பொருள்.

லிந்துலையில் அது எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு விடுகிறது.

"சினை புடிச்சு ஒரு மாசம் ஆச்சுடா" என்று அக்கா அதன் முதுகைச் சொறிந்துவிட்டாள். கொழுந்து பறித்துவிட்டு வந்து இதற்குத் தீனி வேகவைப்பவள். "இந்தக் குட்டிங்கள வித்துத்தான் சின்னவள நர்சிங் படிக்க அனுப்பணும்." நான் தலையாட்டிக்கொண்டே குனிந்தேன். சப்பாத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கறை. உப்பு. புறப்படும் வாரத்தில் ஒரு குழாய் கைதவறிச் சிந்தியது. தரைக்கு பிளீச் ஊற்றினேன், சப்பாத்தை அல்ககோலால் துடைத்தேன். அல்ககோலுக்கு இந்த வைரஸ் சாகாது. அதைப் பற்றி வகுப்பே எடுத்தவன் நான்.

குனிந்தபடியே ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

"என்னடா முழிக்கிற, அட்ட கடிச்சிருச்சா?"

"இல்லக்கா. அதவிடச் சின்னது."

எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா புருஷன் வாளியைக் கீழே வைத்தார். "நமக்கு வந்துருமாப்பா?"

"நமக்கு வராது மச்சான். பன்னிக்கு மட்டும்தான் வரும்."

அங்கே என் பயத்தைப் போக்கிய வாக்கியம். இங்கே, அக்கா பன்றியின் முதுகிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

சப்பாத்தை எரித்தோம். பட்டி முழுக்க குளோரின் கரைத்து ஊற்றினோம். என் மேல் ஊற்றச் சொல்லியிருந்தால் அதற்கும் நின்றிருப்பேன். மிருக வைத்தியரைக் கூட்டி வந்தோம். ஒன்றும் வராமலே போகலாம், வந்திருந்தால் இனிச் செய்ய ஒன்றுமில்லை, குட்டி போடும்வரை பாருங்கள் என்றார். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம், அவர்கள் அங்கே, நான் இங்கே. கனடாவுக்குத் திரும்பி வந்து பாதுகாப்பு அதிகாரி அம்மணியிடம் நடந்ததைச் சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. இப்போதும் குழாயைக் குலுக்கி வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். ஒரு மயிரிழையில் பிரிந்து நிற்கும் அந்த அடுக்கைப் பார்க்கும்போதெல்லாம், அக்காவின் பன்றி வயிற்றுக்குள் எத்தனை அசைகின்றன என்றுதான் யோசனை போகிறது.

நேற்றுப் போனில் பன்றியை விசாரித்தேன். நன்றாகத் தின்கிறதாம். அது எதற்கும் சாட்சியில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். பேச்சை மாற்ற, "தைப்பொங்கலுக்கு வரட்டுமாக்கா?" என்றேன்.

"வாடா. ஆனா வீட்டுப் பக்கம் வேணாம், நானுஓயா ஸ்டேஷன்லயே நில்லு, நாங்க வந்து பாத்துக்கிறோம்."