மாநிலத்திலேயே மலிவான ஊர்

தொண்ணூற்றொன்றில் எங்கள் கம்பெனியின் மெட்ராஸ் தலைமை அலுவலகத்துக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. மதுரை, கோவை, சேலம், ஸ்ரீபெரும்புதூர் என்று எல்லா ஊரிலும் சம்பளத்தோடு ஒரே ஊர்ப்படி கொடுக்கிறோமே, இது நியாயமா? எந்த ஊரில் பிழைக்க எவ்வளவு ஆகிறது என்று பார்த்துவர ஓர் அதிகாரியை அனுப்பினார்கள்.

நான் அப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஒற்றை அறையில் குடியிருந்தேன். மனைவியும் கைக்குழந்தையும் மதுரையில், மாமனார் வீட்டில். படியை உயர்த்தினால் பக்கத்து அறையையும் எடுத்து அவர்களை அழைத்து வந்துவிடலாம். அதனால் அந்த அதிகாரிக்காக ஏங்கிக் காத்திருந்தேன்.

வந்தார். மற்ற ஊர்களில் ஓட்டலில் சாப்பிட்டு விலைவாசியை அளந்தவர், இங்கே எங்கள் கேன்டீனில் சாப்பிட்டார். கம்பெனி பாதி விலைக்குப் போடும் சாப்பாடு. "பரவாயில்லையே, ரொம்ப சீப்" என்றார். வாலாஜாபாத்தில் விளையும் கத்தரிக்காய் மெட்ராஸ் மார்க்கெட்டுக்குப் போய், வாடி வதங்கி, இரண்டு லாரி வாடகையோடு எங்களிடம் திரும்பி வருவதைச் சொன்னேன். "தோட்டத்துக்குப் பக்கத்துலயே இருக்கீங்க, கொடுத்து வச்சவங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போகட்டும், வாடகை காப்பாற்றும் என்று வீட்டுக்கு அழைத்துப் போனேன். சட்டையை பேன்ட்டில் செருகி, கையில் ஃபைலோடு ஒருவர் வந்து வாடகை எவ்வளவு என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் அவர் வீட்டுவரிக்காரர்தான். வாடகைக்கு விட்டது தெரிந்தால் வரி ஏறும்; வீட்டுக்கார அம்மா யோசிக்கவே இல்லை.

"வாடகையா? இன்னா வாடகை சார்? இது என் தம்பி. சும்மா தங்கிக்கினு கீது."

என்னைப் பார்த்துக் கண்ஜாடை வேறு.

"இல்ல சார், மாசாமாசம் கொடுக்கிறேன்" என்றேன்.

"அது அப்டித்தான் சார் சொல்லும். ரோசக்காரப் புள்ள."

அதிகாரி எழுதிக்கொண்டார்.

அவர் போனதும், வந்தவர் வரிக்காரர் இல்லை, என் படியை உயர்த்த வந்தவர் என்று அம்மாவிடம் விளக்கினேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மாநிலத்திலேயே மலிவான ஊர் எங்களுடையது என்று சொல்லிப் படியைக் குறைத்தார்கள். அதே மாதம் அம்மா வாடகையை ஏற்றினார். "ஆபீசரே வந்து பாத்துட்டுப் போனாரே தம்பி, படிய ஏத்தாமயா இருப்பாங்க?"

பொங்கலுக்கு மதுரை போனபோது இதைச் சொல்லிச் சிரித்தேன். குழந்தை என்னை யாரோ என்று பார்த்து மிரண்டு, மனைவியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அவள் சிரிக்கவில்லை.

"அம்புட்டு மலிவான ஊர்லயும் எங்க ரெண்டு பேர வச்சுக் காப்பாத்த முடியலையாக்கும் உங்களுக்கு" என்றாள்.