பீரான் வராத எழுபத்தொரு நாள்

அரிசி அங்காடியில் பீரானை வலது கையைத் தலைமேல் வைத்தபடிதான் சுமை தூக்கிய கடைசி நாட்களில் எல்லோரும் பார்த்தோம்.

"என்ன பீரானிக்கா, மூட்டையை இறக்கிட்டீங்க, கையை இறக்க மறந்துட்டீங்களா?" என்று தேங்காய்க் கடை சுகதன் கேட்பார்.

"கையை இறக்கினா வலியும் கூடவே இறங்குது. மேலேயே கிடக்கட்டும்."

அது உண்மை. கை தலையில் இருக்கும்வரைதான் கழுத்தில் கிளம்பித் தோள் வழியாகக் கட்டைவிரல் வரை ஓடும் எரிச்சல் கொஞ்சம் அடங்கியது.

அவருக்கு வயது நாற்பத்தாறு. அதில் இருபத்தேழு வருடம் சும்மாடும் மூட்டையுமாகப் போனது. மூட்டை நூறு கிலோவாக இருந்த காலத்தில் சுமைத் தொழிலாளியின் நீலச் சட்டை போட்டவர். கழுத்துப்பட்டை, மாத்திரை, உடற்பயிற்சி எல்லாம் ஆறு மாதம் செய்து பார்த்தாயிற்று. பிறகு டீ கிளாஸ் விரல்களிலிருந்து தானாக நழுவ ஆரம்பித்தது.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து டாக்டர் விளக்கினார். கழுத்தெலும்புகளுக்கு இடையே இருக்கும் இரண்டு தட்டுகள் பிதுங்கி நரம்பை நசுக்குகின்றன. கழுத்தின் முன்பக்கம் கீறி அவற்றை எடுத்துவிட்டு, இடுப்பெலும்பிலிருந்து துண்டு வைத்து, தகடும் திருகும் போட்டு எலும்புகளை இணைக்க வேண்டும்.

"தள்ளிப் போடாதீங்க. எப்ப ஆபரேஷன் செஞ்சாலும் வலி போயிடும். கையோட பலம் அப்படித் திரும்பி வராது" என்றார்.

செலவைத் தர வேண்டியது தொழிலாளர் நல அலுவலகம். விண்ணப்பம் போனது. மூன்று டாக்டர்கள் கொண்ட குழு பீரானை அழைத்தது. மூவரில் ஒருவர் தோல் மருத்துவர். ஒருவரும் அவர் சட்டைக் காலரைக்கூட விலக்கிப் பார்க்கவில்லை. அவர்கள் பார்த்தது அங்காடியின் வருகைப் பதிவேட்டை.

பதிவேட்டின்படி பீரான் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. ஸ்கேன் எடுத்த நாளில்கூட நாற்பத்திரண்டு மூட்டை சுமந்திருக்கிறார்.

அங்காடியில் ஒரு வழக்கம் உண்டு. பதினாறு பேர் கொண்ட குழுவில் ஒருவருக்கு உடம்பு முடியாவிட்டால், பெயர் கூப்பிடும்போது இன்னொருவர் "இருக்கேன்" என்பார். அவர் பங்கு மூட்டைகளை மற்றவர்கள் பிரித்துச் சுமப்பார்கள். பீரானுக்காக எழுபத்தொரு நாள் பவித்ரன் "இருக்கேன்" என்றிருக்கிறார்.

வீட்டுக்குக் கடிதம் வந்தது. முழுச் சுமையும் தொடர்ந்து சுமந்து வருவதால் கழுத்துப் பாதிப்பு நம்பத்தக்கதாக இல்லை, ஆறு மாதம் கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம்.

பீரானின் மனைவி சைனபா அதை இரண்டு முறை படித்தார். "ஆறு மாசம் காத்திருக்கேன்னு இந்தக் கை அவங்களுக்கு எழுதிக் குடுத்துச்சா?"

"விடு. உண்மையைச் சொன்னா பதினஞ்சு பேரோட வேலைக் கார்டும் போயிடும். பதினஞ்சு அடுப்பை அணைச்சுட்டு எனக்குக் கழுத்து வேண்டாம்."

மறுநாள் சைனபா தனியாக அங்காடிக்குப் போனார். பத்து மணி டீக்கு ஆட்கள் கூடிய இடத்தில் நின்று கடிதத்தைச் சத்தமாகப் படித்தார்.

குழுத் தலைவர் உண்ணீரி கேட்டார்: "நீங்க இங்க வந்தது பீரானுக்குத் தெரியுமா?"

"தெரியாது, சேட்டா. தெரிஞ்சா மட்டும் அந்த ஒத்தைக் கையால என்ன பண்ணிடுவார்?"

சிரிக்க வேண்டிய பேச்சுதான். யாரும் சிரிக்கவில்லை. பவித்ரன் டீயைக் கீழே ஊற்றினார். "இக்காவுக்கு நோயில்லைன்னு சாட்சி சொன்னதே நான்தானா?"

அன்றே பதினைந்து நீலச் சட்டைகளும் நல அலுவலகப் படியேறின. அதிகாரி பதிவேட்டை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"அப்ப இது பொய்ன்னு ஒத்துக்கறீங்க?"

"வராத ஆளை வந்தான்னு சொன்னோம். அதுக்குத் தண்டனை குடுங்க சார்" என்றார் உண்ணீரி. "வலிக்கிற ஆளுக்கு வலிக்கலன்னு எழுதினாங்களே, அவங்களுக்கு என்ன தண்டனைன்னு அதே தாள்ல எழுதிடுங்க."

அதிகாரி அதை எழுதவில்லை. பதினைந்து பேரிடமும் தனித்தனியாக ஒப்புதல் எழுதி வாங்கிக்கொண்டார். எல்லோருக்கும் முப்பது நாள் பணி இடைநீக்கம். சுமை இறக்க ஆளில்லாமல் லாரிகள் பாலம் வரை வரிசையில் நின்றன. மறுநாள் பத்திரிகையில் சுமைத் தொழிலாளர்களின் மோசடி பற்றி நாலு பத்தி வந்தது. பீரானின் கழுத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. கழுத்தைச் சோதிக்கும் டாக்டர் குழுவில் தோல் மருத்துவருக்கு என்ன வேலை என்று கேட்க எந்தச் செய்தியாளருக்கும் தோன்றவில்லை. தண்டனை ஒரே நாளில் வந்தது. அறுவைக்கான அனுமதி வர ஒன்பது வாரம் ஆனது.

அறுவை நன்றாக நடந்தது. கண் விழித்ததும் பீரான் முதலில் செய்தது கையைக் கீழே தொங்கவிட்டதுதான். எரிச்சல் இல்லை. இரண்டு வாரம் கஞ்சிகூடத் தொண்டையில் சிக்கிச் சிக்கித்தான் இறங்கியது. அதைப் பற்றி அவர் குறை சொல்லவில்லை.

ஆனால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பழையபடி எதையும் இறுக்கிப் பிடிக்கவில்லை.

"அந்த முதல் கடுதாசி வந்த வாரமே செஞ்சிருந்தா, டாக்டர்?" என்று சைனபா கேட்டார்.

டாக்டர் கோப்பைப் புரட்டித் தேதியைப் பார்த்தார். "அப்ப கை இவ்வளவு இளைக்கல" என்றார். கோப்பை மூடினார்.

இனி பீரான் தலையில் சுமை ஏற்றக் கூடாது. குழு கூடிப் பேசி, பெயர் கூப்பிட்டுப் பதிவேடு எழுதும் வேலையை அவருக்குக் கொடுத்தது. பேனாவை நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் செருகிக்கொண்டு எழுதப் பழகினார்.

மூன்றாம் நாள் காலை. "பவித்ரன்" என்று கூப்பிட்டார்.

பின்னாலிருந்து "இருக்கேன்" என்று குரல் வந்தது. பவித்ரனின் குரல் அல்ல. கழுத்து திரும்பாததால் பீரான் உடம்போடு திரும்பிப் பார்த்தார்.

"அவன் எங்கடா?"

"காய்ச்சல், இக்கா. அவன் பங்கை நாங்க தூக்கிடறோம்."

"தூக்குங்க. தூக்கத்தான் வேணும்." பேனா மெதுவாக நகர்ந்தது. பவித்ரன், வரவில்லை, காய்ச்சல்.

"இக்கா, உங்களுக்காக எழுபத்தொரு நாள் குரல் குடுத்தவன் அவன். அவனையே காட்டிக் குடுக்கறீங்களே?"

"ஒரு நாள் அவன் கழுத்தும் வலிக்கும்" என்றார் பீரான். "அன்னிக்கு அந்த மூணு டாக்டரும் கழுத்தைப் பார்க்க மாட்டாங்க. இதைத்தான் பார்ப்பாங்க."

அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.